கடற்கரையைக் கெடுப்பது கண்ணில் படாத குழாய்

கடலோரச் சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. மாசும் சுகாதாரக் குறைவும் ஒரு கடற்கரைத் தலத்தை எந்தெந்த வழிகளில் கெடுக்கின்றன என்பது ஒன்று. உங்கள் ஊராட்சி வாங்க நினைத்திருக்கும், டிராக்டரில் பூட்டி மணலைச் சலித்துக் குப்பையைப் பிரிக்கும் இயந்திரம் போதுமா என்பது மற்றொன்று. கடலோர நீரின் தரத்தைச் சோதிக்கும் வேலையில் நான் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணலில் கிடக்கும் குப்பை வந்தவரை முகம் சுளிக்க வைக்கும்; ஆனால் ஆளும் வண்டியும் இருந்தால் அதை அள்ளிவிடலாம். ஊரின் பிழைப்பை அடியோடு அரிப்பது, வீடுகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மண்ணுக்கடியிலும் மழைநீர் வடிகாலிலும் ஓடிக் கடலில் சேரும் கழிவுநீர். துடைத்துவைத்ததுபோல் சுத்தமாகத் தெரியும் கடற்கரையிலும் அது ஓசையின்றித் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு பிலிப்பைன்ஸ் நாட்டின் போராக்காய் தீவு. அக்லான் மாகாணத்தைச் சேர்ந்த அத்தீவின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,030 ஹெக்டேர்தான். அதன் மேற்குக் கரையில் சுமார் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு மாவுபோல மெல்லிய வெண்மணல் விரிந்திருக்கிறது. அந்த மணலுக்காகவே 2017-ஆம் ஆண்டில் மட்டும் 20 லட்சம் பேர் அங்கே போனார்கள். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1997-ல், அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை அங்குள்ள கடல்நீரில், மலம் கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிகள் மிகுந்திருப்பதாக அறிவித்ததும் பயணிகளின் வருகை சரிந்தது. பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது; கூட்டம் திரும்பியது, விடுதிகள் பெருகின. ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் மே வரை வெண்மணல் ஓரத்தில் பச்சைப்பாசி கம்பளம்போல் படர்ந்தபோதும், அது காலங்காலமாக வருவதுதான் என்றும், பாசியால்தான் மணல் வெளுக்கிறது என்றும் அங்கே பலர் சொல்லிக்கொண்டார்கள். கழிவுநீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் வயலுக்கு உரமிட்டதுபோல அந்தப் பாசியை வளர்க்கும் என்ற செய்தி, வியாபாரம் நன்றாக நடக்கும் ஊரில் யாருக்கும் இனிப்பதில்லை. அதை நான் நம் ஊர்களிலும் கண்டிருக்கிறேன்.

2018 பிப்ரவரியில் அந்நாட்டு அதிபராக இருந்த ரோட்ரிகோ டுடெர்டே அந்தத் தீவை மலக்குழி என்றே பொதுமேடையில் சொன்னார். ஏப்ரல் 26-ஆம் நாள் தீவு ஆறு மாதங்களுக்குப் பயணிகளுக்கு அடைக்கப்பட்டது. அதற்கென வெளியான 475-ஆம் எண் பிரகடனத்தில் உள்ள விவரங்கள், கடற்கரை ஊர் ஒவ்வொன்றின் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டிவைக்கத் தக்கவை. தீவின் கிழக்குக் கரையான புலாபோக்கில் 2018 மார்ச் 6 முதல் 10 வரை நாள்தோறும் நீரைச் சோதித்ததில், 100 மில்லிலிட்டரில் 100 வரை இருக்கலாம் என்று வரையறுக்கப்பட்ட மலக் கோலிஃபார்ம் சராசரியாக 18,000 இருந்தது. கரையோரம் இருந்த 51 நிறுவனங்களில் நீர்த்தூய்மைச் சட்டத்தைப் பின்பற்றியவை 14 மட்டுமே. தீவில் நாளொன்றுக்குச் சேர்ந்த குப்பை 90 முதல் 115 டன். உள்ளாட்சியால் அகற்ற முடிந்ததோ 30 டன். தீவின் ஒன்பது சதுப்பு நிலங்களில் நான்குதான் எஞ்சியிருந்தன. மற்றவை ஆக்கிரமிப்புக்கு இரையாகியிருந்தன. மழைநீரையும் கழிவுநீரையும் ஓரளவேனும் தேக்கி வடித்து அனுப்பும் நிலங்கள் அவை. அவற்றின் மேல் கட்டடம் எழுந்த பிறகு, அந்த நீர் நேராகக் கடலுக்குப் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அந்தப் பட்டியலில் என்னை மிகவும் பாதித்தது கிருமிக் கணக்கு அல்ல. 1988-க்கும் 2011-க்கும் இடையில் தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறைப் பரப்பு ஏறத்தாழ 70.5 விழுக்காடு குறைந்துவிட்டது என்பதும், மேற்குக் கரையில் சில இடங்களில் 40 மீட்டர் வரை மணல் அரிக்கப்பட்டுவிட்டது என்பதும் அதில் இருக்கின்றன. இரண்டும் தனித்தனிச் செய்திகள் அல்ல. போராக்காயின் வெண்மணல் மலையிலிருந்து ஆற்றில் வந்ததன்று. பவளமும் சிப்பியும் சுண்ணாம்புப் பாசிகளும் உடைந்து பொடியாகி, அலையால் கரைக்கு வந்து சேர்ந்தது. கரைக்கு மணலைத் தருவதும், அலையின் வேகத்தைத் தடுத்து அந்த மணலைக் காப்பதும் பவளப்பாறைகளும் கடற்புல் படுகைகளும்தான். கழிவுநீர் கலந்தால் நீர் கலங்கும். பாசி பெருகிப் பவளத்தின் மேல் படரும். வெளிச்சமின்றிப் பவளம் சாகும். புயலும், கட்டட வேலைக்காக மணல் அள்ளியதும் அரிப்பை விரைவுபடுத்தின என்பது உண்மை. ஆனாலும், எந்த மணலைக் காட்டி ஊர் காசு சம்பாதித்ததோ அந்த மணலை உண்டாக்கும் உயிரையே விடுதிக் கழிப்பறைகளிலிருந்து போன நீர் கொன்றுகொண்டிருந்தது. இந்தச் சேதத்தை ஆறு மாத அடைப்பால் சரிசெய்ய முடியாது. கழிவுக் குழாயை ஒரு வாரத்தில் அடைத்துவிடலாம். பவளம் மீண்டும் தழைக்கப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

அடைப்பின் சுமையை யார் சுமந்தார்கள் என்பதையும் பாருங்கள். 30,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. கடற்கரையில் மணல்கோட்டை கட்டிக் காட்டிப் பிழைத்த ஒருவரும், பயணிகளை ஏற்றிச்செல்லும் ஓட்டுநர் ஒருவரும் இந்த ஆணை தங்கள் வாழ்வாதாரத்தைப் பறிக்கிறது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் மணல்கோட்டை கட்டியவர் கடலில் குழாய் விடவில்லை. குழாய் விட்டவர்களிடம் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கப் பணம் இருந்தது, அவரிடம் இல்லை. கடற்கரை மாசைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த மனிதர்தான் என் நினைவுக்கு வருகிறார்.

2018 அக்டோபர் 26-ல் தீவு மீண்டும் திறந்தபோது, ஒரே நேரத்தில் 19,215 பயணிகளுக்கு மேல் இருக்கக்கூடாது, நாளொன்றுக்கு 6,405 பேருக்கு மேல் வரக்கூடாது என்று வரம்பு விதித்தார்கள். கழிவுநீர் ஏற்பாடு சரியாக இருந்த விடுதிகளுக்கே அனுமதி கிடைத்தது. 2019-ல் வருகை மீண்டும் 20 லட்சத்தைத் தொட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஒரு பயணி குழந்தையின் மலம் தோய்ந்த டயப்பரை மணலில் புதைக்கும் காட்சி காணொளியாகப் பரவியதும், அந்த இடத்தைச் சுற்றி ஏறக்குறைய 100 மீட்டர் கரையைச் சில நாட்கள் மூடிச் சுத்தம் செய்தார்கள். முன்பு நூற்றுக்கணக்கான கட்டடங்களின் கழிவைப் பொறுத்துக்கொண்ட ஊர், இப்போது ஒரு டயப்பருக்குக் கரையை மூடியது. இழந்த நற்பெயரின் விலை என்னவென்று அதற்குள் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி நோயைப் பற்றிச் சொல்கிறேன். நான் நீர் மாதிரி எடுத்த நாட்களில் விடிவதற்குள் கடற்கரைக்குப் போய்விடுவோம். முழங்காலுக்குச் சற்று மேலான ஆழத்தில் நின்று, கிருமி நீக்கிய பாட்டிலின் மூடியைத் திறந்து, அதன் வாய் கீழ்நோக்கியிருக்குமாறு ஒரு சாண் ஆழத்துக்கு அமிழ்த்தி, அங்கே திருப்பி, வரும் அலைக்கு எதிர்முகமாக நிரப்ப வேண்டும். உடலில் பட்டு வரும் நீர் பாட்டிலுக்குள் போய்விடக்கூடாது. உடனே ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே நீரை மெல்லிய சவ்வில் வடித்து, ஊட்டப்பொருள் தடவிய தட்டில் வைத்து, 41 டிகிரி வெப்பத்தில் ஒரு முழு நாள் வைத்திருந்தால், என்டரோகாக்கஸ் என்னும் குடல்வாழ் பாக்டீரியா இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் சிறு நீல வளையம் தோன்றும். அந்த வளையங்களை எண்ணுவதுதான் சோதனை. எண்ணி முடிக்கும்போது மறுநாள் காலை ஆகியிருக்கும். நாம் கண்டறிவது எப்போதும் நேற்றைய கடலைத்தான். நேற்றுக் குளித்தவர்கள் குளித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு முறை நான் எண்ணிய தட்டில் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ண முடியாதபடி நீலமாகவே இருந்தது. அந்த நீரை எடுத்த இடத்தில், முந்தின நாள் காலையில், மூன்று குழந்தைகள் ஒரு பிளாஸ்டிக் குடத்தை மிதக்கவிட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நூற்றுக்கு 95 மாதிரிகளில் 100 மில்லிலிட்டருக்கு 40 என்டரோகாக்கஸ் வரை மட்டுமே இருந்தால், குளிப்பவருக்கு வயிற்றுக்கோளாறு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அது 500-ஐத் தாண்டினால் நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் நோய் வரலாம். வாந்தி, பேதி, காது சீழ், கண் எரிச்சல் ஆகியவை பெரும்பாலானவை. டைபாய்டும் மஞ்சள் காமாலையும் அரிதாக வரும், ஆனால் கடுமையானவை. அதே ஆண்டு வெளியான ஒரு மதிப்பீடு, கழிவுநீர் கலந்த கடலில் குளிப்பதால் உலகம் முழுதும் ஆண்டுக்கு 12 கோடிக்கும் மேற்பட்ட வயிற்றுநோய்கள் ஏற்படுவதாகக் கணக்கிட்டது. இந்த நோய்களுக்கு ஒரு குணம் உண்டு. உங்கள் ஊரில் யாரும் மாசை நம்ப மறுப்பதற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பேதி தொடங்க ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். மஞ்சள் காமாலைக்கு வாரக்கணக்காகும். அதற்குள் பயணி தன் வீட்டுக்குத் திரும்பியிருப்பார். அவர் பார்க்கும் மருத்துவர் வேறு ஊரில் இருக்கிறார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் அவர் பெயர் ஏறுவதே இல்லை. ஆகவே இங்கே குளித்து யாருக்கும் எதுவும் ஆனதில்லை என்று ஊரார் சொல்வது பொய்யன்று. அவர்கள் அறிந்தவரை உண்மை. வந்த குடும்பம் மட்டும் மறுமுறை வருவதில்லை. அவர்கள் எழுதிவைக்கும் நான்கு வரிகளைப் படித்து இன்னும் பத்துக் குடும்பங்கள் வராமல் போகின்றன.

குப்பையால் வரும் இழப்பு இதைவிட வெளிப்படையானது என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். தென்கொரியாவின் கோஜே தீவில் 2011 ஜூலையில் பெய்த கனமழையில் ஆற்று வெள்ளம் அடித்துவந்த மரமும் பிளாஸ்டிக்கும் கடற்கரைகளில் குவிந்தன. 2010-ல் 8,90,435 ஆக இருந்த கடற்கரைப் பயணிகள் எண்ணிக்கை 2011-ல் 3,30,207 ஆக, அதாவது 63 விழுக்காடு குறைந்தது. பாலித் தீவில் 2017 இறுதியில் ஜிம்பாரான், கூட்டா, செமின்யாக் கரைகளில் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குக் குப்பை நெருக்கடிநிலை அறிவித்து, நூற்றுக்கணக்கான துப்புரவுப் பணியாளர்களை இறக்கி, நாளொன்றுக்கு 100 டன் வரை அள்ளினார்கள். அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது. இரண்டு இடங்களிலும் குப்பையில் பெரும்பகுதி பயணிகள் போட்டதன்று. உள்நாட்டு ஆறுகளும் வாய்க்கால்களும் கொண்டுவந்து, கடல் கரையில் ஒதுக்கியது. கடற்கரையில் மட்டும் குப்பைத் தொட்டி வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஆற்றோர ஊர்களில் யார் குப்பை எடுக்கிறார்கள், எடுப்பதை எங்கே கொட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சுகாதாரக் குறைவு என்றதும் நோயை மட்டுமே நினைக்கிறோம். கழிப்பறையின் பொருளாதாரத்தை நான் கற்றுக்கொண்டது ஆய்வகத்தில் அல்ல, கடற்கரையில் மீன் வறுத்து விற்கும் ஓர் அம்மாவிடம். மாலை நான்கு மணிக்கு வஞ்சிரத் துண்டுகளில் மசாலா தடவித் தட்டில் அடுக்கிவைக்கும் அவர், எத்தனை துண்டு வெட்டுவது என்று முடிவு செய்வதற்கு முன் பொதுக் கழிப்பறையின் கதவை ஒரு முறை எட்டிப் பார்ப்பார். அது பூட்டிக் கிடந்தால் பத்துத் துண்டு குறைத்துக்கொள்வார். காரணம் கேட்டபோது அவர் விளக்கியது எளிமையானது. குடும்பமாக வருகிறவர்களில் முதலில் முகம் மாறுவது பெண்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொண்டு உட்கார முடியாது. பிள்ளைகள் அழுதாலும் கிளம்பிவிடுகிறார்கள். இருட்டிய பிறகுதான் பசிக்கும், அப்போதுதான் மீன் விற்கும்; அதற்குள் அவர்கள் பேருந்து நிலையத்தில் இருப்பார்கள். சுற்றுலாத் துறையின் கணக்கில் அந்தக் குடும்பம் ஒரு வருகையாகப் பதிவாகியிருக்கும். ஆனால் சுண்டல்காரருக்கும் பலூன் சுடும் கடைக்கும் ராட்டினக்காரருக்கும் அந்த வருகையால் எதுவும் கிடைத்திருக்காது. ஒரு தலத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட எத்தனை மணி நேரம் தங்குகிறார்கள் என்பதே ஏழை வியாபாரிக்கு முக்கியம். அந்த மணி நேரத்தைத் தீர்மானிப்பது தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள, யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக் கழுவும் கழிப்பறைதான்.

நம் கரைக்கு வருவோம். சென்னையில் கூவம் நேப்பியர் பாலத்தைத் தாண்டி மெரினாவின் வடமுனையில் கடலில் கலக்கிறது. அடையாறு பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கலக்கிறது. நகரின் மூன்று புகழ்பெற்ற கரைகளும் இரண்டு கழிமுகங்களின் அருகில் அமைந்திருக்கின்றன. (மெரினாவின் அகலமான மணல்வெளியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர் கட்டியதால், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டுத் தேங்கி உண்டானது. கரையோரம் நாம் செய்யும் ஒன்று இன்னொன்றாக முளைப்பதற்கு அதுவே சான்று.) கோடையில் கழிமுகத்தில் மணல்திட்டு அடைத்துக்கொள்ள, கழிவுநீர் உள்ளே தேங்கி அழுகுகிறது. முதல் பெருமழையில் அடைப்பு உடைந்து, மாதக்கணக்காகத் தேங்கிய அத்தனையும் ஒரே மூச்சில் கடலுக்குள் பாய்கிறது. 2019 டிசம்பர் தொடக்கத்தில் மெரினா முதல் பெசன்ட் நகர் வரை கரை முழுதும் வெண்ணுரை குவிந்தது நினைவிருக்கும். சோப்பிலும் சலவைத் தூளிலும் உள்ள பொருள்களும் மட்கிய கரிமப் பொருளும் கலந்த நீரை அலை கடைந்தால் எழும் நுரை அது. குழந்தைகள் அதற்குள் புகுந்து விளையாடினார்கள். பெற்றோர் படம் எடுத்தார்கள். அந்தப் பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்த நுரை எதனால் ஆனது என்று சொல்லும் பலகை ஒன்று அவர்கள் கண்ணெதிரே இருந்திருக்க வேண்டும். அந்நாட்களில் பட்டினப்பாக்கம் மீனவர்கள் பிடித்துவந்த மீனை வாங்க ஆளில்லாமல் போயிற்று.

மாசுபட்டால் பயணிகள் குறைவார்கள் என்ற விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். இராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் நீராடுபவர்கள் அந்த இடத்துக்கு மாற்றாக இன்னொரு கடலைத் தேடிப் போக மாட்டார்கள். அவர்கள் வந்தது அந்த நீருக்காகவே. உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுச்செல்லும் பழக்கத்தால் ஈரத்துணி மூட்டைமூட்டையாகச் சேர்கிறது. கழிவுநீர் அங்கே கலக்கிறது என்பதும் நெடுநாள் புகார். மெரினாவும் அப்படித்தான். விழுப்புரத்திலிருந்தோ வந்தவாசியிலிருந்தோ ஒரு நாள் பேருந்தில் வரும் குடும்பத்துக்கு, மாலத்தீவுக்கோ பாலிக்கோ போகும் வழி இல்லை. இத்தகைய இடங்களில் வருகை எண்ணிக்கை குறையாது; ஆகவே அதிகாரிகளின் அட்டவணையில் எல்லாம் சரியாகவே தெரியும். அங்கே இழப்பு வருமானத்தில் தெரியாமல் வயிற்றுப்போக்காகவும் சிரங்காகவும் ஏழைகளின் உடலில் இறங்குகிறது. அதனால்தான் சுற்றுலா வருமானத்தை மட்டும் அளவுகோலாக வைத்துக் கடலின் சுத்தத்தைப் பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

யார் அசுத்தம் செய்கிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் விரல் மீனவக் குப்பத்தை நோக்கி நீள்வதையும் பார்த்திருக்கிறேன். கழிப்பறை இல்லாத வீடுகளில் இருப்பவர்கள் மணலை நாடியது உண்மை. அது காலைக் கதிரவன் முன் எல்லார் கண்ணிலும் படும். மாடிக்கு மாடி குளியலறை வைத்த விடுதி, தன் செப்டிக் டேங்கிலிருந்து வழிவதை இரவில் மோட்டார் வைத்து மழைநீர் வடிகாலில் தள்ளுவது யார் கண்ணிலும் படாது. ஒரு நாளில் அங்கே ஓர் அறைக்குச் செலவாகும் நீர், குப்பத்தில் ஒரு குடும்பத்துக்குச் சில நாட்களுக்கு வரும். கடலோர மணல், களிமண்போல் கழிவைப் பிடித்துவைத்து வடிகட்டாது. தொட்டியின் அடியில் கசிந்தது சில மீட்டர் ஆழத்தில் இருக்கும் நன்னீரில் கலந்து, கடல் வற்றும் நேரத்தில் அலையோர மணலிலிருந்து ஊற்றுபோல் வெளிவருகிறது. ஊர்க் கிணறும் அதே நீரைத்தான் குடிக்கிறது. தொட்டி நிரம்பியதும் கழிவுநீர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. அது எங்கே போய்க் கொட்டுகிறது என்று விடுதிக்காரர் கேட்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் உள்ளதுபோல் கசடைப் பக்குவப்படுத்தும் நிலையம் எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால், பாலத்தடி ஓடையோ ஏரிக்கரையோதான் அதன் முடிவிடம். அங்கிருந்து மழை அதை மீண்டும் உங்கள் கடற்கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். லாரிக் குழாய் எட்டாத அடிக்கசட்டை எடுக்கப் பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் விஷவாயுவில் சாகும் தொழிலாளர்களைப் பற்றிய செய்தி இன்னும் நிற்கவில்லை. ஒரு கடற்கரை ஊரின் சுத்தத்தை அளக்கும்போது அந்த உயிர்களையும் கணக்கில் வைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

சுத்தமான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்று பற்றியும் சொல்ல வேண்டும். பிரான்சில் 1985-ல் தொடங்கி இன்று டென்மார்க்கிலிருந்து நடத்தப்படும் இந்தச் சான்றுக்கு, நீரின் தரம், கழிப்பறை, உயிர்காப்பாளர், குப்பை மேலாண்மை என்று 33 நிபந்தனைகள் உண்டு. 2021-ல் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் அதைப் பெற்றன. நீரைத் தவறாமல் சோதித்து முடிவைப் பலகையில் எழுதிப்போட வேண்டும் என்ற அதன் நிபந்தனையை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் கொடி ஒரு முறை கிடைத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2020-ல் கொடி பெற்ற விசாகப்பட்டினத்தின் ருஷிகொண்டா, பராமரிப்புக் குறைபாடுகளால் 2025 தொடக்கத்தில் அதைத் தற்காலிகமாக இழந்தது. மேலும், கொடி பறப்பது சில நூறு மீட்டர் கரையில் மட்டுமே. அந்த எல்லைக்கு அப்பால் ஒரு வாய்க்கால் கடலில் கலந்தால், நீரோட்டம் அதைக் கொடிக்குக் கீழே கொண்டுவர அதிக நேரம் ஆகாது.

இனி உங்கள் இயந்திரம். மேல்மணலில் உள்ள பிளாஸ்டிக்கையும் கண்ணாடிச் சில்லையும் அது எடுக்கும். வெறுங்காலில் ஓடும் குழந்தைக்கு அது நல்லதுதான். ஆனால் கழிவுநீர் ஊறிய மணலில் கிருமிகள் நீரில் இருப்பதைவிட அதிகமாகவும் நெடுநாளும் தங்கக்கூடும். சலிப்பதால் அவை போகா. உங்கள் கரையில் ஆமை முட்டையிடும் வழக்கம் இருந்தால், ஜனவரி முதல் ஏப்ரல் வரை அந்த இயந்திரத்தை அங்கே ஓட்டவே கூடாது. மக்கிய கடற்பாசியையும் அது சேர்த்து வாரிவிடும். அந்தப் பாசிதான் மணலைப் பிடித்துவைப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, படம் எடுத்துப் போடுவதற்கு நன்றாக இருக்கும் ஒரு பொருளுக்கு நிதி போய்விட்டால், மண்ணுக்கடியில் இருக்கும் குழாய்க்கு அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குக் காசு கிடைக்காது.

ஆகவே இயந்திரத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கேட்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடியற்காலையில், கடல் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்து, ஊராட்சி உறுப்பினர் ஒருவரையும் கரையை நன்கறிந்த வயதான மீனவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, கரையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்துபோங்கள். மணலின் மேல் கருமையாக இறங்கும் ஈரக்கோடுகள், குமிழியிடும் ஊற்றுகள், நாற்றமடிக்கும் சிறு ஓடைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி நடுங்கள். பிறகு ஒவ்வொரு குச்சியிலிருந்தும் ஊருக்குள் மேல்நோக்கி நடந்து, அது எந்தச் சுவரில், எந்த வடிகாலில் போய் முடிகிறது என்று ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பயணிகள் அதிகம் குளிக்கும் இடத்திலும், மிக மோசமான இரண்டு குச்சிகளுக்கு நேரெதிரிலும், வாரம் ஒரு முறையாக ஐந்து வாரம் நீர் எடுத்து, தகுதி பெற்ற ஆய்வகத்தில் என்டரோகாக்கசும் மலக் கோலிஃபார்மும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஐந்து வாரமும், மழை பெய்த நாளிலும் அதற்கடுத்த இரண்டு மூன்று நாட்களிலும் குளிக்க வேண்டாம் என்று ஒரு பலகை வையுங்கள்; விடுதிக்காரர்கள் முணுமுணுப்பார்கள், இருந்தாலும் வையுங்கள். நம் நாட்டில் குளிக்கும் கடல்நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ள வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 100 மலக் கோலிஃபார்ம். உங்கள் ஐந்து வார எண்களை அதன் அருகில் எழுதி, வரைபடத்தையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். எந்தக் குழாயை முதலில் அடைப்பது என்று அதன் பிறகு சேர்ந்தே பார்க்கலாம்.